அடைக் கோழியை என்ன செய்யலாம்?

சித்திரை வெயிலில் தருமபுரிப் பக்கம் முட்டை சீக்கிரம் கெட்டுவிடும். அந்த நேரத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்தால், குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா என்பதை அன்றே முடிவு செய்துவிடுங்கள். அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது.

முட்டைதான் வேண்டுமென்றால் அடையைத் தெளிய வைக்க வேண்டும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் வீண் கொடுமை. அடிப்பக்கம் கம்பி வலை போட்ட கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அதில் விடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் வேண்டாம். வயிற்றுக்கடியில் காற்றுப் பட்டு அடைச் சூடு தணிவதுதான் வைத்தியம். நிழல், தீவனம், தண்ணீர் குறையக் கூடாது. பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் சிலிர்த்துக்கொண்டு பழைய கூடைக்கே ஓடினால், மறுபடியும் கூண்டுதான்.

குஞ்சு வேண்டுமென்றால் கூடையில் மணல் பரப்பி, மேலே காய்ந்த கேழ்வரகுத் தாள் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். சிறுவிடைக்கு, அதாவது சிறிய உடல்வாகுள்ள நாட்டுக் கோழிக்கு, பத்து முட்டை போதும். ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடில்லாமல் வீணாகும். இருட்டிய பிறகு வைத்தால் கோழி முரண்டு பிடிக்காது. ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, வெறுமனே வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். குஞ்சு 21ஆம் நாள் பொரியும். அதுவரை கோழி தினமும் ஒருமுறை இறங்கி இரை தின்கிறதா என்று கவனியுங்கள். இறங்காத கோழியை நீங்களே தூக்கி இறக்கிவிட வேண்டும்.