மறியலால் வருபவருக்கு இடைத்தங்கல் வீடு

மறியலில் (சிறையில்) இருந்து விடுதலையாகி வருபவர் சொந்த வீட்டுக்குப் போகுமுன் சில காலம் தங்கும் வீடுதான் இடைத்தங்கல் வீடு. அதை நடத்துபவர்கள் விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் தேசிய அடையாள அட்டை. தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய விண்ணப்பம் மூன்றும் தேவை. பிறப்புச் சான்றிதழை வீட்டார் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுத்து வைக்கலாம். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும் இழுபடும், வேலையும் இழுபடும்.

வீடு பஸ் போகும் பாதையோரம் இருக்கட்டும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் மறியல் அறையின் பழக்கங்களே திரும்பி வரும். வீட்டின் சொந்தக்காரரிடம், தங்கப்போவது மறியலால் வந்தவர்கள் என்பதை மறைக்காதீர்கள். பிறகு தெரியவந்தால் எல்லாரையும் ஒரேயடியாக எழுப்பிவிடுவார்.

விடுதலை நாளன்று யாழ்ப்பாணம் பண்ணையில் உள்ள சிறைச்சாலை வாசலில் நேரத்தோடு போய் நில்லுங்கள். நீங்கள் பிந்தினால் பழைய கூட்டாளி முந்திவிடுவான். ஹெரோயின் பாவித்தவர் என்றால் முதல் இரண்டு கிழமைதான் மிக ஆபத்து: பாவிக்காமல் இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், முன்பு எடுத்த அதே அளவு இப்போது உயிரை எடுக்கும். இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதுதான் பெரும் பிழை. இரவில் தனியறை கொடுக்காதீர்கள்.

மனநல மருந்து எடுப்பவருக்கு இரண்டு கிழமை மருந்தும் கிளினிக் கொப்பியும் கையில் இருக்க வேண்டும்.

வேலைக்குப் போக ஒரு சைக்கிள் கொடுங்கள். முதல் சம்பளத்தில் பாதியை அவர் பெயரிலேயே வங்கியில் போடச் சொல்லுங்கள். வீட்டாரை முதல் மாதம் ஞாயிறுகளில் மட்டும் சந்திக்கட்டும்.