லினக்ஸில் நெட்வொர்க் கார்டு ஓடவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

லினக்ஸ் நிறுவி முடித்ததும் வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது. உடனே பலர் செய்வது, கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் டிரைவர் தேடுவது. விண்டோஸில் பழகியவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் லினக்ஸில் பெரும்பாலான நெட்வொர்க் டிரைவர்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் டிரைவர் இல்லை என்று முடிவு கட்டும் முன், கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட மாடல் பெயரை நம்புவது அடுத்த தவறு. ஒரே மாடல் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு வேறு சிப் வைத்து விற்பது, யூஎஸ்பி வைஃபை டாங்கிள்களில் சர்வ சாதாரணம். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘-என்என்கே’ சேர்த்து (lspci -nnk) ஓட்டுங்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் 10இசி:8168 போல ஓர் எண் வரும். முன்பாதி நிறுவனத்தைக் குறிக்கும்: 10இசி ரியல்டெக், 8086 இன்டெல். பின்பாதிதான் சிப். எந்த டிரைவர் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் அதற்குக் கீழேயே வரும். யூஎஸ்பி கார்டின் எண்ணுக்கு எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை. யாரிடமாவது உதவி கேட்பதானாலும் இந்த எண்ணோடு போங்கள். ‘வைஃபை வரலை’ என்று மட்டும் சொன்னால், நன்றாகத் தெரிந்தவராலும் ஊகிக்கத்தான் முடியும்.

சரி, டிரைவர் ஏறியிருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லை. இங்கேதான் டிரைவரையும் ஃபர்ம்வேரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரைவர் கெர்னலில் ஓடுவது. ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளேயே ஓடுவது. பல கார்டுகளுக்கு, டிரைவர்தான் அந்த ஃபர்ம்வேர் கோப்பை வட்டிலிருந்து எடுத்துக் கார்டில் ஏற்ற வேண்டும். கோப்பு இல்லாவிட்டால், டிரைவரை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் பயனில்லை. கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு (sudo dmesg) ஓட்டிப் பாருங்கள். ஃபர்ம்வேர் ஏறவில்லை என்ற வரியின் முடிவில் பிழை எண் -2 இருந்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும்.

ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பதற வேண்டாம். இன்டெல்லின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் புதிய ஃபர்ம்வேரில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழையதைத் தேடிக்கொண்டு வரும். நடுவில் -2 வந்தாலும் கடைசியில் ஒன்று ஏறிவிட்டால் கோளாறே இல்லை. பதிவை முழுவதும் படிக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் பதிப்பு 11 வரை, கட்டற்ற உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இருக்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அது வட்டிலேயே இருக்கிறது.

உண்மையிலேயே வெளி டிரைவர் தேவைப்படும் கார்டுகளும் உண்டு. அப்போது இணையத்தில் கிடைத்த மூலநிரலை எடுத்து, ஒரு தடவை கம்பைல் செய்து விட்டுவிடாதீர்கள். அது அந்தக் கெர்னல் பதிப்புக்கு மட்டும்தான். அடுத்த கெர்னல் அப்டேட்டில் நெட்வொர்க் போய்விடும், புதிதாக எதையும் இறக்கவும் வழி இருக்காது. உங்கள் டிஸ்ட்ரோவே (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகை) தரும் டிகேஎம்எஸ் பொதியை நிறுவுங்கள். டிரைவரைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகளும் இருந்தால், அப்டேட் வரும்போது அதுவே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், நம்பகமான சாவியால் கையொப்பமிடாத மாட்யூலை, அதாவது டிரைவர் கோப்பை, கெர்னல் ஏற்க மறுக்கும். நிறுவல் வெற்றி என்று வந்தும் மாட்யூல் ஏறவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்களைப் போட்டிக்கு விடுவதும் கெடுதல். ரியல்டெக் கம்பி கார்டுகளுக்குக் கெர்னலின் ஆர்8169, நிறுவனத்தின் ஆர்8168 என இரண்டு உண்டு. ஒன்றைப் போட்டுப் பார்த்து விலக்கும்போது, அதற்காக மற்றதை ஏறவிடாமல் தடுக்க எழுதிய பிளாக்லிஸ்ட் கோப்பையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே ஏறாமல் போகலாம்.

அப்புறம், இணையம் வராததெல்லாம் டிரைவர் கோளாறு அல்ல. ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை வைஃபை தடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால், மென்பொருள் தடையை அதிலேயே விலக்கலாம். வன்பொருள் தடைக்குப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 1.1.1.1 என்ற இணைய முகவரிக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போய், தளப் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால், பெயரை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். விண்டோஸும் இருக்கும் கணினியானால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (விண்டோஸை முழுவதும் அணையவிடாத வசதி) அணைத்துவிட்டு, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, மறுபடி லினக்ஸைத் தொடங்கிப் பாருங்கள்.