"பெரியவன் பேரைப் போட்டாச்சு" – எந்தத் தாளில்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை சுமந்து சேர்த்த காசில் டவுனில் ஒரு வீடு, ஈ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் பணம். நம் பெரியவர்கள் பலருக்குச் சொத்து இவ்வளவுதான். யார் பொறுப்பு என்று கேட்டால், "பெரியவன் பேரைப் போட்டாச்சு" என்பார்கள். எந்தத் தாளில், என்ன வேலைக்கு என்று ஒருவரும் பார்ப்பதில்லை. (முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. இது மற்றவர்களுக்கு.)

தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. அப்பா கண்மூடியதும் சாதாரணப் பவரும் முடிந்துவிடும். அதைக் காட்டி வீட்டை மாற்ற முடியாது. மறதி நோய் முற்றி அவருக்குத் தெளிவு போனாலும் அது செல்லாது. அதற்குப் பிறகும் செல்லுபடியாகும் பவர் சில நாடுகளில் உண்டு, மலேசியாவில் இல்லை. 2001 மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

உயில்தான் இறந்த பின் பேசும். ஆனால் அதை நிறைவேற்றும் நிர்வாகியாக மூத்த மகனையே, மரியாதைக்காக, எழுதிவிடுகிறோம். அவர் சிங்கப்பூரில் இருப்பார், அவருக்கே அறுபது தாண்டியிருக்கும். கடனை அடைத்து, நீதிமன்றம், நில அலுவலகம் என்று அலைந்து, பிறகு பங்கு பிரிக்க வேண்டியவர் இவர். பக்கத்திலேயே இருந்து மருந்துச் சீட்டைக்கூடப் பத்திரமாக வைக்கும் மகள்தான் என் பார்வையில் பொருத்தமானவர். அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். அவரால் முடியாமல் போனால் யார் என்று மாற்றாளரையும் எழுதுங்கள்.

மனதை உறுத்தும் தவறு சாட்சிக் கையெழுத்து. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். காரில் அழைத்துப் போன மகனையோ மருமகளையோ "நீயே போடு" என்று சொல்லிவிடுவார்கள். உயில் செல்லும். ஆனால் 1959 உயில் சட்டப்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. பெற்றவரைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கே பங்கு போய்விடும்! நிர்வாகி பங்கு பெறலாம், சாட்சி பெறக் கூடாது. பங்கில்லாத பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்கள்.

ஈ.பி.எஃப். தனிக்கதை. அங்கே கொடுத்த பெயரை உயில் மாற்றாது. பிரித்துக் கொடுப்பான் என்று நம்பி ஒரு பிள்ளை பெயரை மட்டும் போட்டால், பணம் சட்டப்படி அவனுக்கே. எல்லாப் பெயரையும் விழுக்காட்டோடு எழுதச் சொல்லுங்கள்.

சரி, உயிலே இல்லையென்றால்? 1958 பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும்: துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோர் உயிரோடிருந்தால் கணக்கு மாறும். முறைப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கு ஒன்றும் வராது. கடைசிவரை கஞ்சி ஊற்றிய மருமகளுக்கும் இல்லை.

மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் பழைய உயில் பொதுவாக ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு வரும்போது, அப்பா தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். எழுதிய உயிலின் அசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நிர்வாகிக்குக் காட்டிவிடுங்கள். நீதிமன்றம் அசலைத்தான் கேட்கும்.