வெஸ்பாவைப் பிடித்துக்கொண்டு இத்தாலி மொழி

சுங்கை சிப்புட்டில் என் மோட்டார் பட்டறைக்கு வரும் இளையவர்களில் சிலருக்கு இத்தாலி மொழி மேல் ஆசை. கைப்பேசிச் செயலியில் "பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்" என்று தொடங்குகிறார்கள், சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் வழி வேறு. உங்கள் கைக்கு நன்றாகப் பழகிய ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மொழிக்குள் போங்கள். சமையல் பழகியவருக்கு அடுப்படி, பந்து விளையாடுபவருக்குக் கால்பந்து. எனக்கு வெஸ்பா, இத்தாலி ஸ்கூட்டர்.

பழைய வெஸ்பாவின் பெட்ரோல் டேப்பில் ஏ, சி, ஆர் என்று மூன்று எழுத்து இருக்கும். அபெர்த்தோ, திறந்திருக்கிறது. கியூஸோ, மூடியிருக்கிறது. ரிஸெர்வா, ரிசர்வ். அடுத்து ஃப்ரேனோ, பிரேக். ஃப்ரிட்ஸியோனே, கிளட்ச். கந்தேலா, பிளக். பெட்ரோலோடு எண்ணெய் கலந்தால் மிஷேலா. 2% கலவை என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. பெயரை ஒட்டுநாடாவில் எழுதி அந்தந்தப் பாகத்தில் ஒட்டுங்கள். தொடும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உச்சரிப்பில் நமக்கு நல்ல தொடக்கம் உண்டு. பள்ளியில் படித்த ஆங்கிலத்தின் 'ட'வை ஒதுக்கிவையுங்கள். இத்தாலியரின் நாக்கு நம் 'த' போலப் பல்லைத் தொடும். இரட்டிப்பும் நமக்குப் பழக்கம்தான்: நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. காரோ என்றால் அன்பானவர், கார்ரோ என்றால் வண்டி. நெடிலும் குறிலும் தமிழ் எழுத்திலேயே பாதி வேலையை முடித்துவிடும். கவனிக்க வேண்டியது க, த, ப மூன்றும் சொல்லின் நடுவே ஒற்றையாக வரும் இடம். நாம் அங்கே மென்மையாக்கிவிடுவோம். அவர்கள் மென்மையாக்க மாட்டார்கள். தாகத்துக்கான சொல்லும் ஏழுக்கான சொல்லும் அந்த ஒற்றை 'த', இரட்டை 'த்த' வேறுபாட்டில்தான் பிரிகின்றன. இதை மட்டும் இத்தாலியர் குரலைக் கேட்டே பழகுங்கள்.

அப்புறம் வினைச்சொல். இத்தாலி மொழிப் பழுதுபார்க்கும் கையேட்டில் கட்டளைகள் பெரும்பாலும் அகராதி வடிவத்திலேயே இருக்கும். 'தோல்யெரே லா கந்தேலா', பிளக்கைக் கழற்றவும். கடைக் கதவிலும் அப்படித்தான்: ஸ்பிஞ்ஜெரே, தள்ளவும், திராரே, இழுக்கவும். முதலில் இந்த வடிவத்தில் சொற்களைச் சேருங்கள், விகுதிகளைப் பிறகு பார்க்கலாம். ஆப்ரோ, ஆப்ரி, ஆப்ரே என்றால் திறக்கிறேன், திறக்கிறாய், திறக்கிறான். 'நான்', 'நீ' சொல்லாமலே யார் என்று தெரிந்துவிடும், நம் மொழி போலவே.

வரலாற்றைத் தள்ளிவைக்காதீர்கள். வெஸ்பா பிறந்தது 1946இல். டஸ்கனியின் பொந்தேதேராவில் பியாஜியோ நிறுவனம் விமானம் செய்துவந்த தொழிற்சாலை போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. போர் முடிந்ததும் அந்த நிறுவனம் மக்களுக்கு மலிவான வண்டி தர நினைத்தது. வடிவமைத்தவர் விமானப் பொறியாளர் கொர்ராதினோ தஸ்கானியோ. அதே டஸ்கனியின் ஃபுளோரன்ஸ் பேச்சில்தான் கவிஞர் தாந்தே எழுதினார். இன்றைய பொது இத்தாலி மொழிக்கு அந்தப் பேச்சே அடித்தளம். நாடு ஒன்றானது 1861இல்தான். அதற்கப்புறமும் பெரும்பாலோர் வீட்டில் பேசியது அவரவர் வட்டார மொழியை. தோட்டத்து லயத்தில் சேலத்துக்காரர் பேச்சும் தஞ்சாவூர்க்காரர் பேச்சும் பக்கத்து வீட்டுத் தெலுங்கும் கேட்டு வளர்ந்த எனக்கு இது உடனே பிடிபட்டது. 1954இல் இத்தாலியில் தொலைக்காட்சி வந்தது. 1960 முதல் ஆல்பெர்த்தோ மான்ஸி என்ற பள்ளி ஆசிரியர் அதில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பெரிய தாளில் கரிக்கோலால் படம் வரைந்தபடி தெளிவாகப் பேசுவார். அந்தப் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். நமக்கும் அவர் நல்ல வாத்தியார்.

பேச ஆரம்பித்தால் மரியாதை முக்கியம். நண்பருக்கும் சிறுவருக்கும் 'தூ'. தெரியாதவருக்கும் மூத்தவருக்கும் 'லேய்'. ஒட்டுக்கடை அண்ணனை 'நீ' என்று சொல்லாத நமக்கு இது இயல்பாக வரும். அங்கே 'பார்' என்பது காப்பிக்கடை. 'ஊன் கஃப்பே' என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கடுங்காப்பி வரும், பலர் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். கப்புச்சினோ பெரும்பாலும் காலையோடு சரி. பாலாடைக்கட்டி வாங்கும்போது 'ஊன் எத்தோ' என்றால் 100 கிராம்.

இவ்வளவு வந்ததும் இத்தாலியில் வெஸ்பா வைத்திருக்கும் ஒருவருக்கு இணையத்தில் எழுதிப் பாருங்கள்: "பொன்ஜோர்னோ. லா வெஸ்பா நொன் பார்தே." வணக்கம், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முதல் பதிலிலேயே கந்தேலா ஈரமா என்று கேட்கக்கூடும். கழற்றிப் பார்த்துவிட்டு 'சீ' என்றோ 'நோ' என்றோ பதில் போடுங்கள்.