ஜாவா செயலிக்கு உட்பொதி தரவுத்தளம்: தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்மாந்துறை நெல் ஆலைக்கோ காத்தான்குடித் துணிக்கடைக்கோ கணக்கு மென்பொருள் எழுதுபவர், தனிச் சேவையகம் எதையும் நிறுவாமல், செயலிக்குள்ளேயே இயங்கும் டெர்பி, எச்2, எச்எஸ்கியூஎல்டிபி ஆகிய தரவுத்தளங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்வது பொருத்தமானதே. வேக ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் பார்த்து அத்தெரிவைச் செய்வதுதான் மிகப் பெரிய தவறு.

எச்2, எச்எஸ்கியூஎல்டிபி இரண்டும் இயல்பு அமைப்பில், கமிட் செய்த (அதாவது, முடிந்ததாக உறுதிசெய்த) பதிவை வட்டில் உறுதிப்படுத்துவதற்கு அரை விநாடி வரை தாமதிக்கக்கூடியவை. டெர்பியோ ஒவ்வொரு கமிட்டின்போதும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டை வட்டில் எழுதி முடித்த பிறகே செயலியைத் தொடர விடுகிறது. வேக அட்டவணையில் டெர்பி பின்தங்கித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மாரிகாலத்தில், நெல் மூடைகளை நிறுத்துப் பற்றுச்சீட்டை அச்சிட்ட மறுகணமே மின்சாரம் நின்றால், சீட்டு விவசாயியின் கையில் இருக்கும். அதற்குரிய பதிவு கணினியில் இல்லாமற் போகலாம். பணம் தொடர்பான செயலியில் இதை நான் ஏற்கமாட்டேன். எச்எஸ்கியூஎல்டிபியில் இத்தாமதத்தை நிறுத்திவிடலாம்; எச்2இல் 'செக்பாயின்ட் சின்க்' கட்டளை வட்டில் எழுதுமாறு கட்டாயப்படுத்தும். எதைத் தெரிவுசெய்தாலும், பதிவுகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இயக்கி, எஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

எச்எஸ்கியூஎல்டிபியில் சாதாரணமாக உருவாக்கும் தரவு அட்டவணை நினைவகத்தில் முழுமையாக ஏற்றப்படும் வகையைச் சேர்ந்தது. பல போகங்களின் கணக்கு சேரும் இடத்தில் ஒரு பகுதியை மட்டும் நினைவகத்தில் வைக்கும் 'கேஷ்டு' வகையைக் குறிப்பிட்டு உருவாக்காவிட்டால், ஆண்டு செல்லச் செல்லச் செயலி தொடங்கவே தாமதமாகும்.

இரண்டாவது கணினி வாங்கியதும் தரவுக் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரு செயலிகளாலும் திறக்க முயல்வது இன்னொரு தவறு. உட்பொதி நிலையில் ஒரு தரவுத்தளத்தை ஒரு ஜாவா இயந்திரம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருளின் ஓர் இயக்கம்) மட்டுமே திறக்கலாம் என்பதால், டெர்பியின் வலையமைப்புச் சேவையகமோ எச்2இன் 'ஆட்டோ சர்வர்' வசதியோ தேவைப்படும்.

பழைய பாடங்களை நம்பி, டெர்பி ஜேடிகே என்னும் ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்புடன் சேர்ந்தே வரும் என்று கொள்ளக்கூடாது. ஜாவா 9 முதல் அது அதில் இல்லை. எச்2 1.4.200இல் உருவான கோப்பை 2ஆம் பதிப்பு நேரடியாகத் திறக்காது. பழைய பதிப்பில் 'ஸ்கிரிப்ட்' கட்டளையால் தரவை வெளியே எடுத்து, புதியதில் 'ரன்ஸ்கிரிப்ட்' மூலம் ஏற்ற வேண்டும். ஆகவே பழைய பதிப்பின் ஜார் கோப்பை (எச்2 நிரல் அடங்கிய கோப்பை) அழித்துவிடாதீர்கள்.

மாலையில் கடை பூட்டும்போது, செயலி திறந்திருக்கையிலேயே கோப்புகளைப் பென்டிரைவில் பிரதியெடுக்கும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. அப்பிரதி முரண்பட்ட நிலையில் இருக்கலாம். மூன்று தரவுத்தளங்களிலும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே காப்புப்பிரதி எடுப்பதற்கான கட்டளை உண்டு. அதைச் செயலியின் வெளியேறும் பொத்தானுடனேயே இணைத்துவிடலாம்.