இதய நோயாளியை நடக்க வைப்பதில் வீட்டார் செய்யும் தவறுகள்

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டோ பைபாஸ் அறுவை சிகிச்சை முடித்தோ வீடு திரும்பியவர் உடற்பயிற்சி செய்யாமல் இருந்தால், அதற்குச் சோம்பல்தான் காரணம் என்று வீட்டார் எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவரைத் தடுப்பது அச்சம். அதிலும் பாதி வீட்டாருடையது. "நீ சும்மா உட்காரு நைனா, நாங்க பாத்துக்குறோம்" என்று வடசென்னையின் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பிள்ளைகள் பாசத்தோடு சொல்லும் சொல், மாதக்கணக்கில் நீளும்போது தசையைக் கரைத்து, எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு செய்யும் பயிற்சி, இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்புள்ள கரோனரி இதய நோயாளிகளிடம் இதய நோயால் ஏற்படும் மரணத்தையும் மீண்டும் மருத்துவமனையில் சேரும் நிலையையும் குறைக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே பாதுகாப்பு என்று எண்ணி நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுவதே முதல் தவறு.

இந்த அச்சத்துக்கு எக்கோ என்னும் இதய ஸ்கேன் அறிக்கையும் ஒரு காரணமாகிறது. ‘பம்பிங் 45 சதவீதம்’ என்று எழுதியிருப்பதைப் படித்து, இதயத்தில் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகிறது. இதயத்தின் இடது கீழறையில் நிறைந்திருக்கும் இரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கே அது ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 45 என்பது ஓரளவு குறைவு, அவ்வளவே. அது 35க்குக் கீழே இருந்தாலும், நோய் கட்டுக்குள் இருக்கும் நிலையில், மருத்துவர் வகுத்துத் தரும் அளவில் நடக்கத் தடையில்லை. இதை வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் மருத்துவரே விளக்குவார் என்று காத்திருக்காமல், "எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் நடக்கலாம்?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவும் உண்டு; அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, ஆர்வக்கோளாறு. அடுத்த வீட்டுக்காரர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார் என்பதற்காக, சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து வந்தவரையும் கிளப்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, பல வாரங்களில் படிப்படியாக எட்ட வேண்டிய இலக்கு. தொடக்கத்தில் காலையும் மாலையும் ஐந்து அல்லது பத்து நிமிடம் சமதளத்தில் நடந்தால் போதும். முதல் சில நிமிடங்கள் மெதுவாகத் தொடங்கி, முடிக்கும்போதும் வேகத்தைத் தணித்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரலாம். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைத் துரத்துவதும் பிழையே. மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே வைத்திருப்பதால், வயதைக் கொண்டு துடிப்பின் இலக்கைக் கணிக்கும் பொதுக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

இடத்தேர்விலும் கவனம் வேண்டும். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஆகியவற்றின் ஓரம் நடப்பது, இதயத்துக்கு நன்மை செய்யப் போய்ப் புகையை உள்ளே இழுப்பதாக முடியும். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போன்ற இடம் அருகில் இல்லாதவர்கள், குடியிருப்பின் நடைபாதையிலேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கலாம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கும் அதுவே வழி. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் படியேறுவதையும் உழைப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இடையில் நின்று மூச்சுவிட்டு ஏறட்டும். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோர் கத்திரி வெயிலில் நடக்கவே கூடாது.

பெண் நோயாளிகள் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு வகையானது. இதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதும் இல்லை. "வீட்டு வேலை செய்கிறாளே, அதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்ற எண்ணம் வடசென்னையில் வேரூன்றியிருக்கிறது. அடிபம்பை அடிப்பதும், லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இடுப்பில் ஏற்றுவதும், 20 லிட்டர் கேனைப் புரட்டுவதும் மூச்சை அடக்கித் தம் கட்டிச் செய்யும் வேலைகள். அவை இரத்த அழுத்தத்தைத் திடீரென்று உயர்த்துமே தவிர, சீரான நடை தரும் பயனைத் தருவதில்லை. பைபாஸ் முடிந்தவருக்கு இது நேரடி ஆபத்தும்கூட. அறுத்துச் சேர்த்த மார்பெலும்பு ஒட்டுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதோ இழுப்பதோ கூடாது. நிறைந்த குடம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. எனவே அம்மாவையோ அண்ணியையோ நடக்கச் சொல்லி ஊக்கப்படுத்த விரும்புபவர், முதலில் அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் நடக்கும் அரை மணி நேரத்துக்கு அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவில் மீனையே நிறுத்திவிடுவது தேவையற்ற தண்டனை. காசிமேட்டில் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றைக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவது இதயத்துக்கு நல்லது. எண்ணெயில் பொரிப்பதும் கருவாடுமே சிக்கல். நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டுமென்றால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் சேர முடியாது. அதற்காகச் சோடியம் குறைந்த உப்பைத் தாமாக வாங்கிவிடுவதும் ஆபத்து: அதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடலாம். நியாய விலைக் கடைப் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். வீடு முழுவதற்குமே அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

‘வீடு முழுவதற்கும்’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் செய்து, அவர் எதிரிலேயே மற்றவர்கள் வறுவல் சாப்பிடும் வீட்டில் எந்தக் கட்டுப்பாடும் நிலைப்பதில்லை. பீடி, மாவா, ஹான்ஸ் விஷயத்திலும் பையைச் சோதிப்பதும் உறவினர் முன்னிலையில் திட்டுவதும் அவரை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கின்றன. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். அதே அறையில் மகன் புகைப்பவராக இருந்தால், அறிவுரை அவரிடமிருந்து தொடங்கட்டும்.

நடக்கத் தொடங்கி உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே உலைவைக்கும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் விட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்துபோகலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதற்காக, இதயப் பரிசோதனைக்குப் போவதைக் கைவிடுவதும் சரியன்று. இதயச் செயல்பாடு குறைந்தவருக்கு இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ எடை கூடினாலோ, பாதம் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடக்கும்போதே நெஞ்சு அழுத்தினால், "இன்னும் நாலு வீடுதான்" என்று தொடரக் கூடாது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும்; நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவது இங்கே வழக்கம். வழியில் இதயத் துடிப்பு நின்றால் அந்த நிலையில் எதுவுமே செய்ய முடியாது. சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாவிட்டால் அவரை நாற்காலியில் அமர்த்தித் தெருமுனை வரை தூக்கிவர வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் ஓர் அடிகூட நடக்கவிடக் கூடாது.