புயலுக்கு முன் முதலில் மோட்டாரைப் போடுங்க

புயல் எச்சரிக்கை வந்ததுமே மெழுகுவத்திக்கும் பால் பாக்கெட்டுக்கும் ஓடுவோம். அதெல்லாம் அப்புறம். முதலில் மோட்டாரைப் போடுங்க. காற்று வலுத்தால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் மேலே ஏற்ற வழியிருக்காது. மாடித் தொட்டி நிரம்பியதும் குடம், பக்கெட், அண்டா எதையும் விடாதீங்க. சம்ப் மூடியை இறுக்கி, தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வையுங்க. தெருவெள்ளம் உள்ளே இறங்கிவிட்டால் சம்பைக் கழுவும்வரை அந்தத் தண்ணீர் வாய்க்கு ஆகாது.

பாட்டில்களில் முக்கால்வாசி குடிநீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்க. கரண்ட் போனபின் பாலும் மாவும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும், உருகினால் குடிக்கலாம்.

சில்லறை நோட்டும் அவசியம். 2023 மிக்ஜாம் புயலில் சென்னையில் பல இடங்களில் செல்போன் சிக்னலே இல்லை, ஜிபே எங்கே வேலை செய்யும்?